கிளென் நிண்ட இடம்

1988 புரட்டாதி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ரொறொன்ரோ ஏரிக்கரை மைதானத்தில, ஆட்டத்துக்கு நடுவில நான் குப்புற விழுந்து கிடந்தன். எழும்புவம் எண்டு கையை ஊண்டப் பாத்தன். கை வரேல்லை. காலை மடக்கப் பாத்தன். காலும் வரேல்லை. மூக்குக்குக் கீழ பச்சைப் பிளாஸ்ரிக் புல் விரிப்பு. வெயிலில காய்ஞ்ச ரப்பர் மணம். கழுத்துக்குக் கீழ உடம்பு எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியேல்லை.

அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. ஆறடி மூண்டு அங்குலம். இருநூற்றி அறுபது றாத்தல். "அசையாத, அசையாத" எண்டு டொக்டர் ஓடி வந்து கத்தினார். அசையச் சொன்னாலும் ஏலாது எண்டு அவருக்குச் சொல்ல வாய் வரேல்லை.

அந்த நேரம் எனக்கு அம்மான்ர நினைப்பு வரேல்லை. முருகன்ர நினைப்பும் வரேல்லை. எனக்கு முன்னம் என்ர இடத்தில விளையாடின கிளென்ர நினைப்புத்தான் வந்தது. கிளெனுக்குச் செய்தது எனக்கு வந்திட்டுது எண்டு நினைச்சன்.

இஞ்ச இருக்கிற கனபேருக்கு என்னைத் தெரியும். 1987 தை மாசம், இதே பள்ளிக்கூட மண்டபத்தில, இதே வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில நான் எழும்பி நிண்டு முருகன் எனக்குச் செய்த அற்புதத்தைச் சொன்னனான். நீங்கள் கை தட்டினனீங்கள். அண்டைக்கு நான் சொன்னது அரைவாசி. மற்ற அரைவாசியை ஒளிச்சுப் போட்டன். இரண்டரை வருசத்துக்குப் பிறகு இண்டைக்கு முழுக்கச் சொல்லுறன். கேட்டுப்போட்டுத் தயவுசெய்து கை தட்டாதேங்கோ.

என்ர பேர் குலசிங்கம். பூர்வீகம் வடமராட்சி, ஆனா நான் பிறந்து வளந்தது வெள்ளவத்தையில. பள்ளிக்கூடத்தில றக்பி விளையாடினனான். 83 ஆடிக் கலவரத்தில எங்கட ஒழுங்கைக்குப் பொல்லோட ஆக்கள் வரேக்க அப்பா முன் கதவடியில நிண்டார். நான் பின் மதிலால பாய்ஞ்சு பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால குந்தியிருந்தன். அப்பா கத்தினது கேட்டது. நான் எழும்பேல்லை. ஏழாம் நாள் அவர் அகதி முகாமில செத்தார்.

"நீ போயிருந்தால் உன்னையும் சாக்காட்டியிருப்பாங்கள்" எண்டு அம்மா சொல்லுவா. சரியாயும் இருக்கலாம். ஆனா இவ்வளவு பெரிய உடம்பை வைச்சுக்கொண்டு ஒரு தொட்டிக்குப் பின்னால குந்தியிருந்தவன் நான். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்தன்.

அக்காவும் அத்தானும் முன்னமே ரொறொன்ரோவில, சென் ஜேம்ஸ் ரவுணில இருந்தவை. அம்மாவும் நானும் அவையோட பதினேழாம் மாடியில இருந்தம். எனக்கு வேலை உறைஞ்ச இறைச்சி வைக்கிற ஒரு களஞ்சியத்தில. முழு மாட்டுத் துடையைத் தோளில தூக்கி லொறியில ஏத்துறது. அங்க போர்மனா இருந்த இத்தாலியன் ஒருத்தன் ஒரு நாள் என்னைச் சுத்திச் சுத்திப் பாத்தான். அவன் சனிக்கிழமையில ஒரு ஃபுட்போல் கழகத்துக்குப் பயிற்சி குடுக்கிறவன். எங்கட காற்பந்து இல்லை. ஹெல்மெற் போட்டு, தோளுக்குக் கவசம் கட்டி, முட்டை மாதிரிப் பந்தை எறிஞ்சு விளையாடுற அமெரிக்க ஆட்டம். "சனிக்கிழமை வா" எண்டான். போனன்.

அந்த ஆட்டத்தில பந்தை எறியிறவனுக்கு முன்னால அஞ்சு பேர் வரிசையா நிப்பினம். எதிர்ப்பக்கத்தான் அவனை அடிச்சு விழுத்த வருவான். அந்த அஞ்சு பேரும் தங்கட உடம்பாலயே மறிக்கவேணும். ஆட்டம் முழுக்க அவைக்கு வேலை அதுதான். பந்தைத் தொடுறதும் இல்லை. ஆருக்கும் அவையின்ர பேர் தெரியாது. ஒலிபெருக்கியில உன்ர பேர் கேட்டால் நீ ஏதோ பிழை விட்டிட்டாய் எண்டு அர்த்தம்.

இதை அந்த இத்தாலியன் விளங்கப்படுத்தேக்க நான் திரும்பவும் ஒருக்காச் சொல்லச் சொன்னன். ஒருத்தனுக்கு முன்னால நிண்டு அவனைத் தொட விடாமல் மறிக்கிறது. இதை ஒருக்கா ஒழுங்காச் செய்து பாக்கவேணும் எண்டு நினைச்சன்.

இரண்டு வருசம் கழகத்தில விளையாடினன். 1986 வசந்த காலம், சம்பளத்துக்கு விளையாடுற பெரிய ரீம் என்னைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டுது. ரீமில அமெரிக்கர் இத்தினை பேருக்கு மேல இருக்கேலாது எண்டு இஞ்ச ஒரு சட்டம். மிச்சத்துக்கு இந்த நாட்டில ஆட்டம் பழகின ஆக்கள் வேணும். முன் வரிசைக்கு அப்பிடிக் கனமான ஆக்கள் குறைவு. அந்த ஓட்டைக்குள்ளால நான் உள்ளுக்குப் போனன். குலசிங்கம் எண்டு சொல்லேலாமல் "சிங்" எண்டு கூப்பிட்டாங்கள். தலைப்பாகை எங்க எண்டும் கேட்டாங்கள். எதிர்ப்பக்கத்தான் குனிஞ்சு நிண்டுகொண்டு என்ர நாடு இந்தியா எண்டு நினைச்சு, அதைச் சொல்லித் தூசணத்தால திட்டுவான். அது என்ர நாடும் இல்லை.

உள்ள போனன் எண்டாலும் நான் ஆட்டத்துக்கு இறங்காமல் கரையில கதிரையில இருக்கிறவன். இடப்பக்கம் உள்வரிசையில நிண்டவன் கிளென். சஸ்கச்சுவான் பக்கத்துக் கோதுமைத் தோட்டக்காரன்ர மோன். முப்பது வயசு. கூடக் கதைக்கமாட்டான். பயிற்சியில என்னைப் பாத்து ஒரே ஒரு வசனந்தான் சொல்லுவான்: "சிங், இடது காலை அகட்டி வைக்கிறாய். தள்ளினால் பின்னால விழுவாய்." எனக்கு ஆத்திரம் வரும். தன்ர இடம் போயிடும் எண்ட பயத்தில சொல்லுறான் எண்டு நினைச்சன்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. காலமை ஒருத்தன் வந்து தோளில தட்டி, "கோச் கூப்பிடுறார், புத்தகத்தையும் கொண்டு வா" எண்டால் கதை முடிஞ்சுது. ஆட்ட முறையள் எழுதின புத்தகத்தைத் திருப்பிக் குடுத்திட்டு வீட்ட போகவேண்டியதுதான். ஒவ்வொரு கிழமையும் ஆரோ ஒருத்தன் போவான். எனக்கு அடுத்த கிழமை எண்டு நினைச்சு நினைச்சு வாழ்ந்தன். திரும்பவும் இறைச்சிக் களஞ்சியம். திரும்பவும் ஒண்டுக்கும் உதவாத பெரிய உடம்பு.

ஆவணி மாசம் நல்லூர்த் திருவிழா நேரம். கொடியேறினால் எங்கட வீட்டில மச்சம், மாமிசம் இல்லை. ஆனா ரீமில எடை பாப்பாங்கள். நான் மத்தியானம் அவங்கட மேசையில மாட்டிறைச்சி சாப்பிட்டிட்டு, பின்னேரம் வீட்ட வந்து முழுகி, அம்மா குடுக்கிற சோறும் பருப்பும் சாப்பிட்டன். அம்மாவுக்குச் சொல்லேல்லை. தேர் அண்டு அம்மா குசினிக்குள்ள படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தினா. அவ பக்கத்தில நிக்கேக்க நான் கண்ணை மூடிக் கும்பிட்டன்.

என்ன கேட்டன் எண்டு இரண்டு வருசத்துக்கு முன்னம் உங்களுக்குச் சொன்னனான்: "முருகா, எனக்கு ஒரு இடம் தா." பொய். நான் கேட்டது இது: "முருகா, கிளென்ர இடத்தை எனக்குத் தா." பேர் சொல்லிக் கேட்டனான். அவன் எங்க போவான் எண்டு நான் யோசிக்கேல்லை. அது முருகன்ர பாடு எண்டு விட்டிட்டன்.

தேர் முடிஞ்சு மூண்டாம் நாள் பயிற்சி. முன் வரிசையில ஒருத்தனுக்கு வயித்துப்போக்கு. கோச் என்னைக் கூப்பிட்டு கிளெனுக்குப் பக்கத்தில நிக்க விட்டார். விசில் ஊதினது. எனக்கு எதிர நிண்டவன் நெஞ்சில இரண்டு கையையும் வைச்சுத் தள்ளினான். நான் பின்னால சரிஞ்சன். என்ர முழுப் பாரமும் கிளென்ர காலில பக்கவாட்டா விழுந்தது. அவன் அந்தக் காலை ஊண்டிக்கொண்டு நிண்டவன். பச்சைத் தடி முறியிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தேல்லை. நிலத்தை உள்ளங்கையால அடிச்சான். அடிச்சுக்கொண்டே இருந்தான்.

பிறகு நடந்ததை நான் ஆருக்கும் சொன்னதில்லை. கோச் விசில் ஊதி, எல்லாரையும் இருபது யார் தள்ளிப் போய் நிக்கச் சொன்னார். கிளென் அங்கயே கிடக்கிறான், டொக்டர் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார், நாங்கள் இருபது யார் தள்ளிப் பயிற்சியைத் தொடங்கினம். "சிங், நீ உள்ள நில்" எண்டார் கோச். நான் போய் கிளென் நிக்கிற இடத்தில குனிஞ்சு நிண்டன். அஞ்சு நிமிசம் கூட ஆகேல்லை.

அதுக்குப் பிறகு அந்த இடம் எனக்குத்தான். 86 மிச்சம், 87 முழுக்க, 88 பாதி. கிளென் திரும்பி வரேல்லை. உடுப்பு மாத்திற அறையில அவன்ர அலுமாரிக் கதவில பேர் எழுதி ஒட்டியிருந்த நாடாவை ஆரோ உரிச்சினம். அம்மா எல்லாருக்கும் பொங்கிக் குடுத்தா. "நேர்த்தி பலிச்சிட்டுது" எண்டா. நான் இஞ்ச வந்து மேடையில ஏறினன்.

கிளெனைப் போய்ப் பாக்கேல்லை. அவன் கிடந்த ஆஸ்பத்திரி எங்கட வீட்டில இருந்து நடக்கிற தூரம். ஒரு நாள் வாசல் வரைக்கும் போனன். கையில தோடம்பழப் பை. என்ன முகத்தோட உள்ள போறது எண்டு திரும்பிட்டன். பழத்தை வீட்டில நாங்களே சாப்பிட்டம்.

விளையாட்டில எனக்குச் சந்தோசம் இருக்கேல்லை. ஒவ்வொரு தரமும் குனிஞ்சு நிக்கேக்க பின்னால அந்தச் சத்தம் கேக்கும். அதை மறக்கத் தலையைக் குனிஞ்சு மோதப் பழகினன். தலையைக் குனியாத எண்டு எத்தினை பேர் சொன்னவை. 88 புரட்டாதி அண்டு அப்பிடித்தான் மோதினன். விழுந்தன்.

ஆஸ்பத்திரியில கழுத்தெலும்பில வெடிப்பு, முள்ளந்தண்டு நரம்பு வீங்கியிருக்கு எண்டிச்சினம். நடப்பனோ எண்டு அக்கா கேட்டா. "பொறுத்துத்தான் பாக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டு டொக்டர் அக்கான்ர முகத்தைப் பாக்கேல்லை. என்ர தலையை இரும்புச் சட்டத்துக்குள்ள வைச்சுப் பூட்டினாங்கள். எனக்குத் தெரிஞ்சது மேல முகடு மட்டுந்தான். அம்மா கரண்டியால தண்ணி பருக்கினா. ஈ ஒண்டு வந்து நெத்தியில இருந்தாலும் அம்மா வந்து துரத்தவேணும்.

ரீம் ஒரு பூக்கூடை அனுப்பினது. ஒருத்தரும் வரேல்லை. இந்த மண்டபத்தில இருந்து மூண்டு பேர் வந்தவை, கும்பிட்டு நன்றி சொல்லுறன். மற்ற ஆக்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏனெண்டு உங்களுக்கு இப்ப தெரியும்.

நாலாம் நாள் அம்மா திருநீறு பூசி, "கேள் மோனை, நடக்கவேணும் எண்டு கேள்" எண்டா. எந்த வாயால கேக்கிறது? கேட்டு வாங்கினது என்ன செய்யும் எண்டதை நான் பாத்தவன். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ள சொன்னன்: "முருகா, எனக்கு ஒண்டும் வேண்டாம். கிளெனை ஒருக்கா என்ர முன்னால கொண்டு வா. நான் அவனுக்குச் சொல்லவேணும். சொன்ன பிறகு என்னவும் நடக்கட்டும்."

அவன் எந்த ஊரில இருக்கிறான் எண்டும் எனக்குத் தெரியாது. நான் ஆருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்கும் சொல்லேல்லை. தேட ஆளனுப்பேல்லை. இது சத்தியம்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், ஒரு நடைச் சத்தம். ஒரு கால் ஊண்டும், மற்றது இழுபடும். கதிரை ஒண்டை ஆரோ இழுத்தினம். பிறகு முகட்டுக்கும் எனக்கும் நடுவில ஒரு முகம் வந்தது. தாடி வளந்திருந்தது. கிளென்.

"பேப்பரில பாத்தனான்" எண்டான்.

எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் காதுக்குள்ள ஓடினது, துடைக்கக் கை இல்லை. இனிப் பிந்தினால் சொல்லமாட்டன் எண்டு எல்லாத்தையும் கொட்டினன். தேர் அண்டு கேட்டது, பேர் சொல்லிக் கேட்டது, மூண்டாம் நாள் விழுந்தது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். அவன் கதிரையைக் கிட்ட இழுத்தான். பிறகு சிரிச்சான். நல்ல சிரிப்பில்லை.

"அப்ப உன்ர கடவுள்தான் என்ர முழங்காலை முறிச்சவர் எண்டுறியோ?"

"நான் கேட்டனான்."

"நானுந்தான் கேட்டனான், சிங். நீ கழண்டு போகவேணும் எண்டு ஒவ்வொரு காலமையும் கேட்டனான். முப்பது வயசில வேற என்னத்தைக் கேக்கிறது? நீ விழுந்தது இடது காலை அகட்டி வைச்சதால. நான் எத்தினை தரம் சொன்னனான்? கடவுளை ஏன் உதுக்குள்ள இழுக்கிறாய்?"

எனக்கு மூச்சு விடேலுமாயிருந்தது. அப்பாடா எண்டு நினைக்க முதல் அவன் மற்றதைச் சொன்னான்.

"ஆனா நீ வரேல்லை. ஆறு கிழமை கிடந்தன். இரண்டு தரம் வெட்டினாங்கள். அஞ்சு பேர் ஒரு உடம்பு எண்டு கோச் சொல்ல, எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு நிண்டியள். ஒருத்தனும் வரேல்லை. கதவு திறக்கிற நேரமெல்லாம் திரும்பிப் பாத்தன். நீயாவது வருவாய் எண்டு நினைச்சன், விழுந்தவன் நீதானே. உதை நான் மன்னிக்கமாட்டன்."

"மன்னிக்காட்டி ஏன் வந்தனீ?"

"ஆரும் வராட்டி எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும்" எண்டான். "கதைச்சது காணும். மூண்டரைக்குத்தான் என்ர ட்ரெயின். அதுவரைக்கும் இருக்கிறன்."

இருந்தான். ஒஷாவாவில ஒரு பள்ளிக்கூடத்தில துப்புரவு வேலையாம். மனுசி பிள்ளையளோட மேற்கால போயிட்டாவாம். வேற ஒண்டும் சொல்லேல்லை. கால்மாட்டில இருந்துகொண்டு என்ர கால்விரலைக் கிள்ளினான். "இது தெரியுதோ?" "இல்லை." "இது?" "இல்லை." அடுத்த கிழமையும் வந்தான். அதே கிள்ளு, அதே கேள்வி.

முதல் நாள் அவன் போன பிறகு நான் அம்மாவுக்கும் எல்லாத்தையும் சொன்னன். மாட்டிறைச்சியில தொடங்கி. அந்த நேர்த்திக்குப் பொங்கினவ அவ. அடுத்த வியாழன் கிளென் வரேக்க வடை சுட்டுக்கொண்டு வந்தா. அவனுக்கு உறைப்பில கண்ணீர் வந்தது, ஆனா சாப்பிட்டான். அம்மா அவன்ர இரண்டு காலையும் பாத்து, "எந்தக் கால்?" எண்டு தமிழில கேட்டா. அவனுக்கு எப்பிடி விளங்கினதோ, வலக்காலைத் தட்டிக் காட்டினான். அம்மா குனிஞ்சு அந்த முழங்காலில கையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. அவன் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தான்.

மூண்டாம் கிழமை கிளென் இடது பெருவிரலைக் கிள்ளேக்க எனக்கு நொந்தது. "அய்யோ" எண்டு தமிழில கத்தினன். அவன் திரும்பவும் கிள்ளினான், இன்னும் பலமா. திரும்பவும் கத்தினன். தாதி ஓடி வந்தா. அண்டைக்கு அவன் மூண்டரை ட்ரெயினை விட்டிட்டான்.

நடக்க ஏழு மாசம் எடுத்தது. இப்ப தடியோட நடக்கிறன். இடக்கை விரல் முழுக்க மடங்காது, சட்டைப் பொத்தான் போட அம்மா வேணும். ரீம் ஒரு கடிதத்தோட என்னைக் கழிச்சு விட்டிட்டுது. என்ர அலுமாரி நாடாவையும் உரிச்சிருப்பினம். அந்த மைதானப் பக்கம் நான் போறதில்லை. கசப்புப் போயிட்டுது எண்டு சொன்னால் அதுவும் பொய். காலமை எழும்பி அந்தக் கையைப் பாக்கிற நேரமெல்லாம் அது திரும்பி வருது.

கிளெனும் மன்னிக்கேல்லை. போன மாசம் டோர்செட் பார்க்கில இப்ப நாங்கள் இருக்கிற வீட்ட வந்தவன். கேட்டுப் பாத்தன். "இல்லை" எண்டான். "தேத்தண்ணி போடு" எண்டான்.

அப்ப எந்தப் பிரார்த்தனைக்குப் பதில் கிடைச்சது எண்டு கேப்பியள். முருகன் கிளென்ர காலை முறிச்சான் எண்டு நான் நம்பேல்லை. அப்பிடியெண்டால் எனக்கு அந்த இடத்தைத் தந்ததும் அவன் இல்லை எண்டுதான் சொல்லவேணும். நல்லதை மட்டும் அவன்ர பேரில எழுதேலாது. 1987ல இந்த மேடையில நான் அவனுக்கு நன்றி சொன்னது பிழை. அதுக்கு அவனிட்டயும் உங்களிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்.

ஆனா முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்து, ஆருக்கும் தெரியாமல் கேட்டன், கிளெனைக் கொண்டு வா எண்டு. முருகன் கொண்டு வந்தான். கிளென் கோபத்தோட, நொண்டிக்கொண்டு, மன்னிக்காத மனுசனா வந்து என்ர காலடியில இருந்தான். என்ர வாழ்க்கையில மற்றவனுக்குக் கேடில்லாமல் நான் கேட்ட ஒரே பிரார்த்தனை அது. அதுக்கு முருகன் தந்த பதிலை நான் கண்ணால கண்டனான். அதுக்குத்தான் இண்டைக்கு எழும்பினன். அப்பனே, உனக்கு நன்றி.

இப்ப நான் சனிக்கிழமையில ஆஸ்பத்திரிக்குப் போறன். எங்கட ஆக்கள் கனபேர் கிடக்கினம். மெஷினுக்க விரல் குடுத்தவை, கட்டட வேலையில விழுந்தவை, இங்கிலீஸ் தெரியாமல் டொக்டர் சொல்லுறதுக்கெல்லாம் "ஓம், ஓம்" எண்டு தலையாட்டுறவை. நான் பக்கத்தில இருந்து கதைச்சுக் குடுப்பன். ஒண்டும் தெரியாட்டி சும்மா இருப்பன்.

உங்கள் ஒவ்வொருத்தருக்கும் போய்ப் பாக்காத ஒரு ஆள் இருக்கும். ஏதோ ஒரு பிழை விட்டிருப்பியள், அல்லது அவை விட்டிருப்பினம், என்ன முகத்தோட போறது எண்டு நிண்டிருப்பியள். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு நான் பஸ் தரிப்பில நிப்பன். வாங்கோ. என்ன சொல்லுறது எண்டு தெரியாட்டியும் வாங்கோ. அந்த ஆள் உங்களைப் பேசலாம், மன்னிக்காமலும் விடலாம். கதவைத் தட்டுற வரைக்குந்தான் எங்கட பாடு. உள்ளுக்குப் போன பிறகு முருகன் பாப்பான்.